சக்கரவர்த்தியை ஏன் விட்டுவைத்தார்கள்? காமகுரா பற்றி ஓர் இழை

பிப்ரவரி 2

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "1185இல் சாமுராய்கள் போரில் ஜெயித்துவிட்டார்கள். படை அவர்களிடம், பாதி நாடு அவர்களிடம். அப்புறம் எதற்குக் கியோட்டோவில் ஒரு சக்கரவர்த்தியை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள்? வேறு எவனாவது இருந்தால் அன்றைக்கே முடிசூட்டிக்கொண்டிருப்பான். மரியாதையா, பயமா, சோம்பேறித்தனமா?"

பிப்ரவரி 2, இரவு

மூன்றும் இல்லை. பத்திரம்.

நாளை விரிவாக எழுதுகிறேன். கண் எரிகிறது.

பிப்ரவரி 3

முதலில் ஒன்று. நான் முப்பத்தோரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். எதைப் பார்த்தாலும் பத்திரமாகவே தெரிகிற வியாதி எனக்கு உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். மகள் யோகோஹாமாவில் இருக்கிறாள். அவள் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோதுதான் இந்தக் காமகுராப் பைத்தியம் பிடித்தது. காமகுரா என்பது அந்தச் சாமுராய்களின் அரசு உட்கார்ந்த கடலோர ஊர். அரை மணி நேர ரயில். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

கிழக்கு ஜப்பானில் 12ஆம் நூற்றாண்டில் ஒரு சாமுராய் எப்படி இருந்தான்? காட்டை வெட்டினான், வாய்க்கால் இழுத்தான், குடிகளை வைத்து நெல் விளைவித்தான். ஆனால் காகிதத்தில் அந்த நிலம் கியோட்டோவில் இருக்கும் ஒரு பிரபு வீட்டுக்கோ கோயிலுக்கோ சொந்தம். இவன் வெறும் மேனேஜர். மேலே இருப்பவருக்கு மனம் மாறினால் இவன் போய்விடுவான், பக்கத்து ஊர்க்காரன் வந்து உட்காருவான். ஆக, வில்லும் குதிரையும் வைத்திருந்தவனுக்குத் தன் வரப்பு நாளைக்கும் தன்னுடையதா என்று தெரியாது.

இந்த நேரத்தில் தலைநகரில் தாய்ரா குடும்பம். அதன் தலைவர் கியோமோரி 1167இல் அரசவையின் உச்சப் பதவிக்குப் போனார். 1180இல் தன் மகள் வயிற்றுப் பேரனையே சக்கரவர்த்தி ஆக்கினார். எதிர்க்குடும்பமான மினாமோத்தோவை 1160இலேயே நசுக்கியாயிற்று. அதில் தப்பிய 13 வயதுப் பையன் யோரிதோமோ. கியோமோரியின் தாய் கெஞ்சியதால் தலை தப்பி, இசு தீபகற்பத்துக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கே இருபது வருடம். காவல் காக்க வேண்டிய ஹோஜோ தோக்கிமாசாவின் மகள் மாசாக்கோவையே கல்யாணம் செய்துகொண்டார். அந்த மாமனார் வீட்டுக் கதை பின்னால் வருகிறது.

யோரிதோமோ 1180 ஆகஸ்டில் தாய்ராவை எதிர்த்துக் கிளம்பி, இஷிபாஷி மலையில் செம அடி வாங்கி, படகில் ஏறி ஓடினார். ஆறே வாரத்தில் பெரும் படையோடு காமகுராவுக்குள் நுழைகிறார். தோற்று ஓடியவன் பின்னால் எதற்கு இத்தனை பேர்? அவர் வீரத்தைப் பார்த்தா? பார்க்க என்ன இருந்தது, அப்போதுதான் அடி வாங்கியிருந்தார்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். ஃபுஜி ஆற்றங்கரையில் தாய்ரா படை, நீர்ப்பறவைகள் சிறகடித்த சத்தத்தைப் படையெடுப்பு என்று நினைத்து ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டது. யோரிதோமோ துரத்திக்கொண்டு கியோட்டோவுக்கே போகலாம் என்றார். சிபா, மியுரா, கசுசா ஆகிய மூன்று கிழக்குத் தலைக்கட்டுகளும் தடுத்தார்கள். முதலில் கிழக்கைச் சரிசெய் என்றார்கள். மூன்றே நாளில் சகாமியில் உட்கார்ந்து அவர் முதல் தடவையாக நிலம் பங்கிட்டார். பலருக்குப் புது நிலம்கூட இல்லை, ஏற்கெனவே அனுபவித்த நிலத்தை "இது உன்னுடையதுதான்" என்று உறுதிசெய்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் அவர்கள் வந்தார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அவர் கொடுத்தது முழு உரிமை இல்லை. ஜிதோ என்ற பதவி. பண்ணையில் வரி வசூலிப்பது, காவல் பார்ப்பது, அதற்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்வது. மேலே பிரபுவும் கோயிலும் அப்படியே இருந்தார்கள். அவர்களுக்கும் மேலே அரசவை. ஜிதோக்களை நியமிக்கும் அதிகாரமே 1185 கடைசியில் அரசவை யோரிதோமோவுக்குக் கொடுத்ததுதான். இப்போது சக்கரவர்த்தியைத் தூக்கினால் என்ன ஆகும்? மூலப்பத்திரம் செல்லாது என்றால் அதிலிருந்து கிளைத்த அத்தனை பத்திரமும் செல்லாது. ஆயிரக்கணக்கான சாமுராய்கள் மறுநாள் காலை மறுபடி 1179இல் நிற்பார்கள்.

பிப்ரவரி 4

திருத்தம். கெஞ்சியது தாய் இல்லை, மாற்றாந்தாய், இக்கே நோ ஸென்னி. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. அந்தம்மாவுக்குப் பிறந்து இறந்துபோன மகனின் சாயல் இந்தப் பையனிடம் இருந்தது என்று கதை. அந்த இரக்கத்தால், 1185இல் இதே பையனின் படையோடு நடந்த கடற்போரில் தாய்ரா வம்சமே மூழ்கியது.

இன்னொருவர் "காமகுரா அரசு தொடங்கியது 1192 இல்லையா?" என்கிறார். யோரிதோமோ ஷோகுன், அதாவது தலைமைப் படைத்தளபதி, என்ற பட்டம் வாங்கியது 1192. ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் எண்களை ஒலியாக்கி "இ-இ-கு-நி", அதாவது நல்ல நாடு, என்று மனப்பாடம் செய்வார்களாம். இப்போது பாடப்புத்தகங்கள் பலவும் ஜிதோ நியமன அதிகாரம் கிடைத்த 1185ஐத் தொடக்கமாகச் சொல்வதால் அது "இ-இ-ஹா-கோ", நல்ல பெட்டி. மகள் வீட்டுக்குப் பக்கத்துப் பெரியவர் நாடு போய்ப் பெட்டி வந்துவிட்டதே என்று அலுத்துக்கொண்டார். என் கட்சி பெட்டிதான். பட்டம் அலங்காரம், நியமன அதிகாரம்தான் சமாச்சாரம்.

பிப்ரவரி 6

"வாளை விட்டுவிட்டுப் பத்திரம் பத்திரம் என்கிறீர்களே" என்று ஒருவர். உங்களுக்காக ஒரு காட்சி.

குமகாய் நாவோஸானே. இச்சி நோ தானிப் போரில், தன் மகன் வயதிருக்கும் தாய்ரா இளைஞன் அத்சுமோரியைக் கழுத்தறுத்த வீரர். இவர் ஒருவரே ஆயிரம் பேருக்குச் சமம் என்று காமகுரா அரசின் நாளேடுபோல் எழுதப்பட்ட வரலாறான அசுமா ககாமி சொல்கிறது. 1192இன் கடைசியில், அதாவது ஷோகுன் பட்டம் வந்த அதே ஆண்டில், இவர் யோரிதோமோ முன்னால் ஒரு வரப்பு வழக்கில் நிற்கிறார். எதிராளி குகே நாவோமித்சு, தாயின் சகோதரியின் கணவர்.

கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள். குமகாய்க்குப் பேச வரவில்லை. முன்னுக்குப் பின் உளறுகிறார். யோரிதோமோ திரும்பத் திரும்ப விளக்கம் கேட்கிறார். குமகாய்க்குப் பொத்துக்கொண்டு வருகிறது. "கஜிவாரா ககெதோக்கி (யோரிதோமோவின் நெருங்கிய ஆள்) எதிராளி பக்கம் சாய்ந்து முன்கூட்டியே பேசிவைத்துவிட்டார், அதனால்தான் என்னையே குடைகிறீர்கள், எப்படியும் அவன்தான் ஜெயிக்கப்போகிறான், இந்த ஆதாரமெல்லாம் எதற்கு" என்று கத்தி, கையிலிருந்த ஆவணச் சுருள்களை முற்றத்தில் வீசிவிட்டு எழுந்தார். வெளியே வந்து தன் குடுமியைத் தானே அறுத்துக்கொண்டு, வீட்டுக்கும் போகாமல் மறைந்துவிட்டார். பிறகு துறவி ஹோனெனின் சீடர்.

இந்தக் காட்சியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே மாதிரி ஒரு ஆளை நான் கோர்ட் வராந்தாவில் பார்த்திருக்கிறேன். சொல்லப்போனால் அது என் அப்பா. எங்களுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் ஒரு வரப்பு, இன்றைக்குப் பத்தொன்பதாவது வருடம். அப்பா கோப்பை வீசவில்லை, கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வரவே இல்லை. நாங்கள்தான் போய் எடுத்தோம்.

போர்க்களத்தில் எவனும் அசைக்க முடியாத ஆள், விசாரணைத் திண்ணையில் அழுகிற நிலைமைக்கு வருகிறார். காமகுரா அரசு என்பது இதுதான். வாள் பிடித்த கையால் பிராது எழுதக் கற்றுக்கொள்ளச் சொன்ன அரசு.

பிப்ரவரி 7

நேற்றைய காட்சிக்கு ஒரு வில்லங்கம். குமகாய் தன் துறவிப் பெயரில் எழுதிய ஒரு சொத்துப் பத்திரம் இருக்கிறது. தேதி 1191. ஆக, 1192இல் குடுமி அறுத்த கதைக்கு முந்தைய வருடமே மனிதர் துறவி! முன்பு பத்திரத்தைப் போலி என்றார்கள், இப்போது அசல் என்கிற கட்சி வலுத்திருக்கிறது. அப்படியானால் அசுமா ககாமி எழுதியவர்கள் ஆண்டை மாற்றிப் போட்டிருக்க வேண்டும்.

பத்திரம் ஒரு பக்கம், வரலாற்று நூல் ஒரு பக்கம் என்றால் நான் பத்திரத்தின் பக்கம்.

பிப்ரவரி 9

காமகுராவுக்குப் போகிறவர்கள் கேட்டதால். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், உள்ளே வர மலையை வெட்டிய ஏழு வாசல். யோரிதோமோவின் முதல் அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பள்ளிக்கூடம். மூலையில் ஒரு கல்லில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்துப் படிகளில் ஏறினால் அவர் சமாதி. ஆள் உயரக் கல் அடுக்கு, அதுவும் பல நூற்றாண்டு கழித்து எடோ காலத்தில் யாரோ கட்டிவைத்தது. நான் போன அன்று ஒரு பாட்டி மட்டும் துடைப்பத்தால் இலை பெருக்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் பெரிய புத்தரைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். 11.3 மீட்டர், 121 டன் வெண்கலம், அதுவும் பார்க்க வேண்டியதுதான்.

ஹாச்சிமான் கோயில் படிக்கட்டு ஓரத்தில் ஒரு பெரிய கிங்கோ மரம் இருந்தது. 2010 மார்ச்சில் காற்றில் சாய்ந்துவிட்டது. வேரிலிருந்து துளிர் வந்திருக்கிறது. 1219இல் யோரிதோமோவின் மகனும் மூன்றாவது ஷோகுனுமான சானேதோமோவைக் கொல்ல அவர் அண்ணன் மகன் குகியோ அந்த மரத்தின் பின்னால் ஒளிந்திருந்தான் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அசுமா ககாமியில் மரமே கிடையாது. பனி இரண்டடி கொட்டிய இரவு, கொலை, தலை, எல்லாம் இருக்கிறது. வெட்டிய தலையைக் கீழே வைக்காமல் ஒரு வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றான் குகியோ என்பதுகூட இருக்கிறது. மரம் இல்லை.

அத்தோடு யோரிதோமோ வழி ஷோகுன் வரிசை முடிந்தது. இடைப்பட்ட இருபது வருடத்தில் யார் யார் போனார்கள் என்று பட்டியல் போட்டால் தலை சுற்றும். கஜிவாரா 1200, ஹிக்கி 1203, இரண்டாவது ஷோகுன் யோரியே 1204, ஹதகேயாமா 1205, வாதா 1213. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஹோஜோ வீடு ஒரு படி ஏறியிருக்கும். தோக்கிமாசாவையே அவர் பெற்ற மகளும் மகனும் 1205இல் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அசுமா ககாமி ஹோஜோ பக்கத்து ஆட்கள் தொகுத்தது, ஆகவே செத்தவர்கள் எல்லாரும் அதில் கொஞ்சம் கெட்டவர்கள். யோரிதோமோ 1199இல் எப்படிச் செத்தார் என்று பார்க்கப் போனால் அந்த மூன்று வருடப் பக்கங்கள் காணோம். குதிரையிலிருந்து விழுந்தார் என்பது பேச்சு. ஃபைல் காணாமல் போவது எல்லா ஊரிலும் உண்டு.

மாசாக்கோ பற்றிக் கேட்டீர்கள். 1182இல் பிள்ளை பெற்ற கையோடு, புருஷனுக்கு ஒரு சின்னவீடு இருப்பது தெரிந்து, ஆள் அனுப்பி அந்த வீட்டை இடித்துத் தள்ளிவிட்டார். யோரிதோமோவால் மனைவியைக் கேட்க முடியவில்லை, இடித்தவனைக் கூப்பிட்டுக் குடுமியை அறுத்தார். மாமனார் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். இப்படித்தான் ஒரு அரசாங்கம் தொடங்கியது.

பிப்ரவரி 10

நல்ல அடி. எதிர்பார்த்தேன். "1221இல் மூன்று ஓய்வுபெற்ற சக்கரவர்த்திகளைத் தீவுக்கு அனுப்பினார்களே, அப்போது எங்கே போயிற்று உங்கள் மூலப்பத்திரம்?"

நடந்தது இது. ஷோகுன் வம்சம் அற்றுப்போனதைப் பார்த்து, ஓய்வுபெற்ற சக்கரவர்த்தி கோ-தோபா, அப்போது காமகுராவை நடத்திய மாசாக்கோவின் தம்பி ஹோஜோ யோஷிதோக்கியை ஒழிக்க ஆணை போட்டார். காமகுராவில் எல்லாருக்கும் கை நடுங்கியது, அரசவை எதிரி என்ற பெயர் சின்ன விஷயமில்லை. அப்போதுதான் விதவைத் துறவி மாசாக்கோவின் பெயரால் அந்தப் பேச்சு. யோரிதோமோவுக்குப் பட்ட நன்றிக்கடன் மலையைவிட உயரம், கடலைவிட ஆழம் என்பதைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது ஒரு போர்க்கதையில் வரும் வடிவம். முன்பெல்லாம் நீங்கள் தலைநகர்க் காவலுக்கு மூன்று வருடம் போவீர்கள், போகும்போது பகட்டாக, திரும்பும்போது காலில் செருப்பில்லாமல் வைக்கோல் மழைக்கோட்டோடு, அதை ஆறு மாதமாகக் குறைத்தது யார்? மலையும் கடலும் இருக்கட்டும், சர்வீஸ் கண்டிஷனை நினைவுபடுத்தினால்தான் ஆள் எழுந்திருப்பான்.

யோஷிதோக்கியின் மகன் யாசுதோக்கி பதினெட்டு பேரோடு கிளம்பினார். வழியில் சேர்ந்து சேர்ந்து பெரும்படை. ஒரு மாதத்தில் கியோட்டோ விழுந்தது. கோ-தோபா ஓக்கித் தீவுக்கு, ஜுந்தோகு சாதோ தீவுக்கு. மூன்றாமவர் த்சுசிமிகாதோ தானாகவே தோசாவுக்குப் போனார், அது ஷிகோகுவில் ஒரு மாகாணம், தனித் தீவு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரியணையில் இருந்த குழந்தையையும் இறக்கிவிட்டு வேறொருவரை ஏற்றினார்கள்.

ஏற்றினார்கள், கவனியுங்கள். ஆளை மாற்றினார்கள், நாற்காலியை எரிக்கவில்லை. அரசவைப் பக்கம் நின்றவர்களிடமிருந்து 3,000க்கு மேற்பட்ட பண்ணைகளின் உரிமை பறிபோயிற்று. அங்கேயும் மேலே இருந்த பிரபுவையும் கோயிலையும் அழிக்கவில்லை, கீழே புது ஜிதோவைச் செருகினார்கள். 1223இல் அவர்களுக்கு ரேட் நிர்ணயித்தார்கள்: பதினொரு சோ நிலத்துக்கு ஒரு சோ ஜிதோவுக்கு, மீதி நிலத்தில் ஒரு தன்னுக்கு ஐந்து ஷோ நெல். ஒரு தன் என்றால் கிட்டத்தட்ட நம் 30 சென்ட், பத்து தன் ஒரு சோ. ஷோ என்பது நம் படி மாதிரி ஒரு முகத்தல் அளவு.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2ஆம் தேதி "பயம் இல்லை" என்று வீராப்பாக எழுதினேன். 1221இல் பயம் இருந்தது. பத்திரம் மட்டுமே காரணம் என்றால் மாசாக்கோ பேச வேண்டிய அவசியமே இல்லை.

பிப்ரவரி 12

1232. கோசெய்பாய் ஷிகிமோகு, 51 பிரிவு. யாசுதோக்கி போட்ட சட்டம். தம்பிக்கு எழுதிய கடிதத்தில் காரணம் சொல்கிறார். கியோட்டோவின் பழைய சட்டம் பெரிய படிப்புப் படித்தவனுக்குத்தான் புரியும். நாட்டுப்புறத்தான் தப்பு என்று தெரியாமலே செய்து மாட்டிக்கொள்கிறான், மான்குழி வெட்டிய மலையில் தெரியாமல் நடந்து குழியில் விழுவது மாதிரி. அதனால் எழுத்து அதிகம் தெரியாதவனுக்கும் விளங்கும்படி எழுதினேன் என்கிறார். நான் பார்த்த எந்தச் சட்டத்தின் முகவுரையிலும் இப்படி ஒரு மான்குழி இல்லை.

எட்டாம் பிரிவு: இருபது வருடம் தொடர்ந்து அனுபவித்திருந்தால் நிலம் அவனுக்கே, பழைய கதை பேசக்கூடாது. (எங்கள் வழக்கு பத்தொன்பதாவது வருடம் என்று சொன்னேனா?) பிள்ளையில்லாத பெண் தத்தெடுத்து நிலத்தைக் கொடுக்கலாம். மகளுக்கும் பங்கு உண்டு, பெண் ஜிதோக்களும் இருந்தார்கள்.

வழக்கு நடைமுறையைப் பார்த்தால் நான் வேலையில் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் வருகிறது. வாதி பிராது, பிரதிவாதி பதில். இப்படி மூன்று சுற்று வரை எழுத்திலேயே. பிறகுதான் நேருக்கு நேர். ஆகவே தாமதம். கவிஞர் அபுத்சு, விதவைத் துறவி, தன் மகனுக்குச் சேர வேண்டிய ஹொசோகாவாப் பண்ணைக்காக 1279இல் கியோட்டோவிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரம் பயணம் செய்து காமகுராவுக்கு வந்து வழக்காடினார். எதிராளி கணவரின் மூத்த தாரத்து மகன். தீர்ப்பைப் பார்க்காமலே அவர் இறந்துபோனார். முடிவு மகன் பக்கம் வந்தது, முப்பது வருடத்துக்குப் பிறகு.

பிப்ரவரி 13

நேற்று ராத்திரி இந்த இழையில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்ட இருவருக்கும்: பன்னிரண்டாம் பிரிவு, வசைமொழி. பெரிய வசை என்றால் நாடுகடத்தல், சின்னது என்றால் காவலில் வைப்பது. விசாரணையின்போது வாய் தவறினால் வழக்கிலிருக்கும் நிலமே எதிராளிக்கு. உன் பக்கம் ஏற்கெனவே நியாயமில்லை என்றால் உன்னுடைய வேறு நிலம் பறிமுதல். நிலமே இல்லை என்றால் நாடுகடத்தல்.

குமகாய் நாற்பது வருடம் பிந்திக் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 15

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஏதோ அருமையான கோர்ட் ராஜ்யம்போல் இருக்கிறது. ஜிதோ, பிரபு, கோயில் என்று மேலே இருப்பவர்களின் சண்டையே எழுதியிருக்கிறேன். கீழே உழுதவன்?

1275. கீ மாகாணம், இன்றைய வாகயாமா, அதேகாவாப் பண்ணை. குடியானவர்கள் 13 பிரிவில் ஒரு மனு எழுதினார்கள், பெரும்பாலும் கதகானா என்ற எளிய ஒலியெழுத்தில். கோயா மலைக் கோயில் ஆவணங்களில் இன்றும் இருக்கிறது. படம் பார்த்தேன். எழுத்துப் பழக்கம் இல்லாத கை, ஒவ்வொரு எழுத்தாக நட்டுவைத்த மாதிரி. விஷயம் இது: பண்ணை உரிமையாளருக்கு மரம் அனுப்ப வேண்டும், ஆனால் ஜிதோ ஆட்களைத் தன் வேலைக்கு இழுத்துக்கொள்கிறார். மிச்சமிருப்பவர்கள் மரம் வெட்ட மலைக்குப் போனால், ஓடிப்போனவன் நிலத்தில் கோதுமை விதை என்று விரட்டித் திருப்புகிறார். "நீங்கள் விதைக்காவிட்டால் உங்கள் பெண்டாட்டிகளைப் பிடித்து அடைத்து, காதை அறுத்து, மூக்கைச் சீவி, தலைமயிரை வெட்டித் துறவியாக்கி, கயிற்றில் கட்டி வதைப்பேன்" என்கிறார் ஜிதோ. மரம் தாமதமானதற்கு அவர்கள் சொல்லும் காரணம் இதுதான். கவனியுங்கள், அது தாமதத்துக்கு விளக்கக் கடிதம்.

பண்ணை உரிமையாளரும் ஜிதோவும் ஓயாமல் மோதினால் கடைசியில் நிலத்தையே இரண்டாக வெட்டிவிடுவார்கள். ஹோகி மாகாணத்துத் தோகோப் பண்ணைக்கு 1258இல் வரைந்த வரைபடம் இருக்கிறது. நடுவில் ஏரி, மலை, மேயும் குதிரைகள், கடலில் படகு. அழகான ஓவியம். அதன் குறுக்கே சிவப்புக் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் காமகுராவின் இரண்டு உச்ச அதிகாரிகளின் கையெழுத்துக் குறி, நாளை யாரும் கோட்டை நகர்த்தக் கூடாது என்று. சர்வேயர் படத்தில் குதிரை வரைந்தவனை எனக்குப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 18

மங்கோலியர் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று பார்த்தேன், கேட்டுவிட்டீர்கள்.

குப்லாய் கானின் கடிதம் 1268இல் வந்தது. அதே ஆண்டு 18 வயதில் காமகுரா அரசின் பொறுப்பேற்ற ஹோஜோ தோக்கிமுனே பதில் போடவில்லை. 1274இல் ஒரு படை, 1281இல் அதைவிடப் பெரிய படை. இரண்டுமே புயலில் போயின. இடையில் ஹகாதா விரிகுடாவில் சுமார் 20 கி.மீ. கற்சுவர். அதைக் கட்டும் பொறுப்பையும் நிலக் கணக்கில்தான் பிரித்தார்கள்: ஓசுமி மாகாணத்தில் ஒரு தன் நிலத்துக்கு ஒரு சுன், அதாவது சுமார் 3 செ.மீ. சுவர். முப்பது சென்டுக்கு மூன்று சென்டிமீட்டர். குமாஸ்தா மனசு குளிர்ந்துபோயிற்று.

இந்தப் போரில் எனக்குப் பிடித்த ஆள் தகெஸாகி சுவேனாகா. நிலத் தகராறில் சொத்தை இழந்து, ஐந்தே குதிரை வீரரோடு முன்னால் பாய்ந்து, அடிபட்டு, தப்பியவர். அறிக்கையில் தன் பெயர் இல்லை என்று தெரிந்து, குதிரையையும் சேணத்தையும் விற்று, கியூஷுவிலிருந்து இரண்டு மாதத்துக்கு மேல் பயணம் செய்து காமகுராவுக்கு வருகிறார். பரிசு விவகாரம் பார்க்கும் அதிகாரி அதாச்சி யாசுமோரி விசாரிக்கிறார். தலை எடுத்தாயா? இல்லை. உன் ஆட்கள் யாராவது செத்தார்களா? இல்லை. அப்புறம் என்ன வேண்டும்? முதலில் பாய்ந்தது நான், பொய் என்றால் என் தலையை எடுங்கள் என்கிறார். திரும்பத் திரும்ப அதையே. யாசுமோரி கடைசியில் இறங்கிவந்து, ஜிதோ நியமனமும் ஒரு குதிரையும் கொடுத்து அனுப்பினார். சுவேனாகா பிறகு இதையெல்லாம் படச்சுருளாக வரையவைத்தார், மனு கொடுத்த காட்சியையும் சேர்த்து.

அவருக்குக் கிடைத்தது. ஆனால் இது வெளியிலிருந்து வந்தவனோடு நடந்த போர். 1185இல் தாய்ரா நிலம் இருந்தது, 1221இல் 3,000 பண்ணை இருந்தது. கடலில் மூழ்கிய படையிடமிருந்து என்ன நிலத்தைப் பறிப்பது? கோயில்காரர்களும் நாங்கள் செய்த பூஜையால்தான் புயல் வந்தது என்று பரிசு கேட்டு நின்றார்கள்.

பிப்ரவரி 19

"இரண்டுமே புயலில்" என்று அடித்துவிட்டேன். 1281 சரி. 1274இல் அவர்கள் பின்வாங்கியது புயலாலா, அல்லது தாங்களே கிளம்பினார்களா என்பது ஆய்வாளர்களிடையே சர்ச்சை. மாற்றிப் படியுங்கள்.

பிப்ரவரி 21

கடைசி அத்தியாயம், வேகமாக. பிள்ளைகளுக்கெல்லாம் பங்கு பிரித்துப் பிரித்து நிலம் சுருங்கியது. காசுப் புழக்கம் வந்தது, கடன் வந்தது, நிலம் அடமானம் போயிற்று. யாசுமோரியை, சுவேனாகாவுக்கு இரங்கினாரே அவரை, 1285இல் ஹோஜோ வீட்டுக் காரியஸ்தன் தாய்ரா நோ யோரித்சுனா கொன்றுவிட்டான்.

1297இல் ஒரு கடன் நிவாரணச் சட்டம். காமகுரா வீரன் விற்ற நிலத்தைக் காசு கொடுக்காமலே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வாங்கியவன் இன்னொரு காமகுரா வீரன் என்றால் இருபது வருடம் தாண்டியிருந்தால் முடியாது, வாங்கியவன் சாதாரண ஆள் என்றால் காலவரம்பே இல்லை. நல்ல எண்ணம்தான். மறுநாளிலிருந்து சாமுராய்க்கு எவன் கடன் கொடுப்பான்? அடுத்த வருடமே பாதியைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் பத்திரம் எழுதுபவர்கள் முந்திக்கொண்டார்கள். "நிவாரணச் சட்டம் எது வந்தாலும் இந்த நிலத்தைத் திரும்பக் கேட்க மாட்டேன்" என்று விற்பவனிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிடுவது. என் ஜாதி ஆட்கள்!

கொடுத்த உறுதியைத் தானே அழிக்கும் அரசிடம் எதற்குக் காவல் இருப்பது? 1333இல் கோ-தாய்கோ சக்கரவர்த்தி எழுந்தபோது, அடக்க அனுப்பிய காமகுராத் தளபதி அஷிகாகா தகாவுஜியே கட்சி மாறி, காமகுரா அரசின் கியோட்டோ அலுவலகத்தை அழித்தார். காமகுராவை அழித்தது இன்னொரு காமகுரா வீரன், நித்தா யோஷிசாதா. மலை வாசல்கள் வழியாக முடியாமல், கடல் உள்வாங்கிய நேரம் இனாமுராகசாக்கி கரையோரமாக நுழைந்தார். ஹோஜோக்கள் தோஷோஜிக் கோயிலில் கூடித் தற்கொலை செய்துகொண்டார்கள். போர்க்கதையின் கணக்கு 870க்கு மேல். இப்போது அது வேலி போட்ட புல்வெளி. போர்டு இருக்கிறது, உட்கார பெஞ்சு இல்லை.

பிப்ரவரி 22

முதலில் கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். "ஷோகுனையும் ஏன் விட்டுவைத்தார்கள், ஹோஜோவே ஆகியிருக்கலாமே?"

அதே பதில்தான், ஒரு மாடி கீழே. கிழக்கு வீரர்களின் உறுதிப்பத்திரம் எல்லாம் காமகுரா நாயகன், அதாவது ஷோகுன், பெயரில். ஹோஜோ அவர்களில் ஒரு வீடு, அவ்வளவுதான். ஆகவே 1219இல் இரண்டு வயதுக் குழந்தையைக் கியோட்டோப் பிரபு வீட்டிலிருந்து தூக்கிவந்து 1226இல் ஷோகுன் ஆக்கினார்கள். 1252 முதல் இளவரசர்களையே வரவழைத்தார்கள். தாங்கள் ஷிக்கென், அதாவது நிர்வாகி, என்ற பெயரோடு நின்றுகொண்டார்கள். கடைசியில் ஹோஜோ தலைவரே பொம்மை, அவர் வீட்டுக் காரியஸ்தன் நாகசாக்கி ஆட்டிவைத்தான். சக்கரவர்த்தி, அவருக்குப் பின்னால் ஓய்வுபெற்ற சக்கரவர்த்தி, ஷோகுன், ஷிக்கென், காரியஸ்தன். கையெழுத்து ஒருவர், சீல் ஒருவர், முடிவு வேறொருவர். எனக்குப் பழக்கமான ஆபீஸ்தான்.

ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. யோரிதோமோ கடைசிக் காலத்தில் தன் மூத்த மகளைச் சக்கரவர்த்திக்குக் கட்டிவைக்கப் பாடுபட்டார். பெண் 1197இல் இறந்துபோனதால் நடக்கவில்லை. நடந்திருந்தால் கியோமோரி மாதிரியே பேரனை அரியணையில் ஏற்றியிருப்பார், இல்லையா? அப்படியானால் புது மாதிரி அரசு என்பது அவர் திட்டமா, மகளின் சாவா? போன வாரம் வரை இதை யோசிக்காமலே பத்திரம் பத்திரம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 24

ஹோஜோ என்றாலே கொலைகாரர்கள் என்று முடிவு கட்டிவிட்ட தம்பிக்கு இது. ஐந்தாவது ஷிக்கென் தோக்கியோரி, நாட்டிலேயே பெரிய அதிகாரம், ஒரு ராத்திரி உறவினர் நோபுதோக்கியைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல உடுப்பு இல்லை என்று அவர் தயங்க, ராத்திரிதானே, எப்படியும் வா என்று மறுபடி ஆள். போனால், தனியாகக் குடிக்கப் பிடிக்கவில்லை, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை, ஆட்கள் தூங்கிவிட்டார்கள், ஏதாவது கிடைக்கிறதா தேடிப் பார் என்கிறார். நோபுதோக்கி விளக்கை எடுத்துக்கொண்டு சமையலறையெல்லாம் தேடி, அலமாரியில் சின்னத் தட்டில் கொஞ்சம் மிசோ (சோயாவைப் புளிக்கவைத்த விழுது) ஒட்டிக்கொண்டிருந்ததைக் கொண்டுவந்தார். இது போதும் என்று இருவரும் சந்தோஷமாகக் குடித்தார்கள். நோபுதோக்கி கிழவரான பிறகு சொன்ன கதை.

மிசோவை மகள் வீட்டில் நானும் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு.

நாளைக்கு எழுத மாட்டேன். எங்கள் வரப்பு வழக்குக்கு வாய்தா. சித்தப்பா மகன் வருவான். இந்தத் தடவை அப்பா இல்லை, கோப்பு என் கையில். வீசாமல் வந்தால் புதன்கிழமை பார்க்கலாம்.